கூலி என்பது பொருளா, ஆளா?

சொல்லுக்குப் பொருள் உண்டென்பதை எல்லோரும் அறிவர். சொல்லுக்கு வரலாறும் உண்டென்பதைச் சிலரே நினைக்கின்றனர். அவ்வரலாற்றிலே மானமும் அவமானமும் அடங்கிக் கிடப்பதை, அச்சொல்லால் அடிபட்டவர்களே நன்கு உணர்வர். அத்தகைய சொல் ஒன்றைப்பற்றியே இங்குப் பேச எண்ணுகிறேன்.

பினாங்குத் தீவிலே ஜெலுத்தோங் வட்டாரத்தில் என் தமக்கையார் குடியிருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்குச் சென்றிருந்தபோது, பள்ளியிற் படிக்கும் அவருடைய மகன் ஆங்கில அகராதியொன்றைக் கையிலேந்தி வந்து, "மாமா, கூலி என்ற சொல் இதிலே இருக்கிறது. ஆளைக் குறிக்கும் என்றும், இழிவான சொல் என்றும் போட்டிருக்கிறார்கள். நம் தமிழில் கூலி என்றால் வேலைக்குக் கொடுக்கும் காசு அல்லவா? எது சரி?" என்று கேட்டான். தோட்டத்திலே கிராணி வேலை பார்க்கிறவனிடம் கேட்கவேண்டிய கேள்விதான். இரண்டும் சரி என்று சொல்லிவைத்தேன். அவன் திருப்தியடைந்தான், எனக்கு மட்டும் திருப்தி உண்டாகவில்லை.

தமிழில் இச்சொல் பிறந்தபோது அதன்மேல் ஒரு மாசும் இல்லை. வள்ளுவர் ஆள்வினையுடைமை என்னும் அதிகாரத்திலே, 619ஆம் குறளில், ஊழ் கைவிட்டபோதும் உடல் வருந்திய முயற்சிக்குக் கிடைத்தே தீரும் பயனைச் சொல்லவந்து, இந்தக் கூலி என்னும் சொல்லையே எடுத்தாளுகிறார். விதியை நம்பிக் கிடப்போருக்கு எதிராக அவர் உயர்த்திப்பிடித்த சொல் இது. கூலி பெறுவது பிச்சையன்று, தானமன்று, எவருடைய கருணையுமன்று. உழைத்தவனுக்கு உரிய பங்கு.

இத்தகைய சொல் எவ்வாறு கெட்டது? ஆங்கிலத்தில் வழங்கும் கூலி, குசராத்திலுள்ள கோலி என்னும் வகுப்பாரின் பெயரிலிருந்து வந்ததென்பர் சிலர்; தமிழ்க் கூலியே அதுவென்பர் சிலர். 1886இல் யூல், பர்னல் என்னும் இருவர் வெளியிட்ட 'ஹாப்சன்-ஜாப்சன்' என்னும் அகராதி இவ்விரண்டு கொள்கைகளையும் எடுத்துரைக்கின்றது. பிறப்பு எதுவாயினும், வளர்ப்பு எங்கே நடந்ததென்பதில் ஐயமில்லை. அடிமைமுறையை ஒழிக்கும் சட்டம் 1833இல் பிரிட்டனில் நிறைவேறியது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. 1834 முதல் மொரீசுக்கும், 1860 முதல் தென்னாப்பிரிக்காவிலுள்ள நெட்டாலுக்கும் ஒப்பந்தத்தின் பேரில் நம்மவர் கப்பலேற்றப்பட்டனர். மலாயாவுக்கும் அவ்வாறே வந்தனர். இங்கு அம்முறை 1910இல் நிறுத்தப்பட்டது. கங்காணி மூலம் ஆள் சேர்ப்பதோ 1938 வரை நடந்தது. அடிமை என்ற சொல் சட்டத்தால் விலக்கப்பட்டமையால், அவ்விடத்திலே உட்கார வேறொரு சொல் தேவையாயிற்று. கூலி வாங்குகிறவன் என்பது சுருங்கிக் கூலி என்றே ஆயிற்று. மலாய்க்காரரும் அதனை ஏற்றனர். சீனரோ துன்பம், வலிமை என்னும் பொருளுடைய இரண்டு எழுத்துக்களால் அதனை எழுதினர். ஒலிக்காக எடுத்த எழுத்துக்கள் பொருளுக்கும் பொருந்திவிட்டது எவ்வளவு பரிதாபம்!

இதிலுள்ள விபரீதத்தைச் சற்று யோசித்துப் பாருங்கள். வக்கீல் பீசு வாங்குகிறார். அவரைப் பீசு என்று எவரும் அழைப்பதில்லை. புரோகிதர் தட்சணை வாங்குகிறார். அவரைத் தட்சணை என்று எவரும் கூப்பிடுவதில்லை. உடலால் உழைப்பவன் ஒருவனுக்கு மாத்திரம், அவன் வாங்கும் காசே பெயராயிற்று. சாமி என்ற சொல்லும் இவ்வாறே சீரழிந்தது. நம்மவர் பெயர்களின் இறுதியிலே அது வருவதைக் கண்ட தென்னாப்பிரிக்க வெள்ளையர், இந்தியரனைவரையும் சாமி என்று ஏளனமாக அழைத்தனர். 1893இல் அங்குச் சென்ற காந்தியாரைக் கூலிப் பாரிஸ்டர் என்றனர். ஆண்டவனைக் குறித்த சொல்லும் உழைப்பின் பயனைக் குறித்த சொல்லும் ஒருங்கே வசைமொழியாயின. குற்றம் சொல்லில் இல்லை, அதைச் சொன்ன வாயிலே இருந்தது.

நிற்க. ஆங்கிலத்தில் இதற்கு ஒத்த பொருளுடைய சொற்களும் பலவுண்டு. ஹேண்டு என்பர், அதாவது கை. இருநூறு கைகள் வேண்டுமென்று ஆலை முதலாளி கேட்கிறார்; அக்கைகளோடு இருநூறு தலைகளும் இருநூறு வயிறுகளும் வந்துசேர்வது அவருக்கு இடைஞ்சலாக இருக்கிறது. லேபர் என்பர், அது உழைப்பு, உழைப்பாளிகளின் தொகுதி, தாயின் பிரசவ வேதனை ஆகிய மூன்றையும் குறிக்கும். ஒர்க்கர் என்பது ஒன்றே செய்கிறவனைச் சொல்லுகிறது; நமது தொழிலாளி என்ற சொல் அதற்கு நேரானது. தொழிலை ஆளுகிறவன் என்று அதற்குப் பொருள் கொள்ளினும் தகும்.

பெறுகின்ற பணத்திலும் இப்படியே சாதி பிரித்திருக்கிறார்கள். மேசையில் எழுதுகிறவனுக்கு வருவது சம்பளம். மரத்தடியில் நிற்கிறவனுக்கு வருவது கூலி. ஆங்கிலத்தில் சம்பளத்தைக் குறிக்கும் சேலரி என்பது உப்பைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. நமது சம்பளமும் சம்பா நெல்லும் உப்பும் சேர்ந்து பிறந்ததென்று சொல்வாருண்டு. உப்புத் தின்பதில் கிராணிக்கும் பால்வெட்டுகிறவனுக்கும் என்ன பேதம்? தோட்டத் தொழிலாளர் தேசியச் சங்கம் 1954இல் தோன்றியபின்னும், எங்களுக்கு நாட்கூலி வேண்டாம், மாதச் சம்பளம் வேண்டும் என்று தொழிலாளர் பல்லாண்டு போராட நேர்ந்தது இச்சொற்பேதம் வெறும் சொற்பேதம் அன்று என்பதற்குச் சான்று. மழை பெய்தால் கூலி நிற்கும், சம்பளம் நிற்காது.

"பெயரை மாற்றினால் வயிறு நிறையுமா?" என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வி. பெயரை மாத்திரம் மாற்றிவிட்டு நிலைமையை மாற்றாதிருப்பது, ஓட்டைக் குடத்துக்கு வர்ணம் பூசுவதேயாகும். ஆனால் வயிறு நிறைந்தாற் போதும் என்று நம்மவர் ஒருநாளும் சொன்னதில்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தை எண்ணிப்பாருங்கள். ஆர். எச். நாதன் முதலியோர் முன்னின்ற அப்போராட்டத்திலே, கூலியுயர்வு கேட்டார்கள்; அதனோடு, துரையையும் கிராணியையும் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கவேண்டும் என்னும் வழக்கம் ஒழியவேண்டுமென்றும் கேட்டார்கள். நாதன் நாடு கடத்தப்பட்டார்; துப்பாக்கிச் சூட்டில் உயிர்களும் போயின. சைக்கிளில் உட்கார்ந்தே போவதால் ஒரு காசும் மிச்சமில்லை. மனிதன் என்ற பெயர் மிச்சமாகிறது. மனிதனைக் காசின் பெயரால் அழைக்கப் பழகியவனுக்கு, அக்காசைக் குறைப்பதும் எளிதாகிவிடுகிறது. ஆகவே மானமும் கூலியும் ஒரே தராசின் இரண்டு தட்டுக்கள்.

அக்கோரிக்கையில் துரைக்குப் பக்கத்திலே கிராணியும் நிற்கிறான் என்பதை நான் மறைக்கவில்லை. துரைமார் போய்விட்டனர், கிராணி இருக்கிறான். ஆங்கிலம் படித்த நாவினால் அச்சொல்லைத் தமிழனே தமிழனுக்குச் சொன்ன காலமும் இருந்தது. இன்று தோட்டங்களில் வேலைசெய்வோரிற் பெரும்பாலார் இந்தோனேசியாவிலிருந்தும், வங்காளதேசத்திலிருந்தும், நேப்பாளத்திலிருந்தும் வந்தவர்கள். நம் பாட்டன்மார் வந்ததுபோலவே கடனோடு வருகிறார்கள். நம் பாட்டன்மார் நின்றதுபோலவே விடியுமுன் பெரட்டில் நிற்கிறார்கள்.

அன்று ஜெலுத்தோங்கில் என் மருமகன் அகராதியை மூடிவைத்தபின், "உங்கள் தோட்டத்திலே இப்போது யார் வேலை செய்கிறார்கள், மாமா?" என்றான். வங்காளதேசத்தார் பதினாலு பேர் என்றேன். "அவர்கள் பெயரென்ன?" என்றான். பெயர்ப் பதிவேட்டை நாள்தோறும் எழுதுகிறவன் நான். ஆயினும் எனக்கு எண்கள் நினைவுக்கு வந்தனவேயன்றி, ஒரு பெயரும் வரவில்லை. கூலி என்ற சொல்லை நான் வாயால் சொன்னதில்லை. மனத்தால் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் விளங்கிற்று.

ஜெலுத்தோங் என்பது ஒரு மரத்தின் பெயர். அதன் பாலை இறக்கி, மெல்லும் பிசின் செய்வதற்காக அமெரிக்காவுக்கு ஏற்றுமதி செய்தனர். மரத்தின் பெயர் ஊரின் பெயராய் நிலைத்தது; பாலை இறக்கியவன் பெயரைச் சொல்ல ஆளில்லை. நம் முன்னோருக்கு நேர்ந்த அந்த நஷ்டத்தை நாமே இன்னொருவருக்கு உண்டாக்கலாமா? 1929ஆம் ஆண்டு டிசம்பரில் பெரியார் பினாங்கில் வந்திறங்கியபோது நம்மவர் வரவேற்றது சுயமரியாதை என்ற கொள்கையை. தன் மானத்தைக் காக்க எழுந்தவன், தனக்குக் கீழே நிற்பவனாகத் தான் எண்ணுகிறவனுடைய மானத்தையும் காக்கும்போதுதான் அக்கொள்கை முழுமை பெறும்.

மறுநாள் பெரட்டிலே எண்களோடு பெயர்களையும் வாசித்தேன். நாக்குப் பலமுறை தடுமாறிற்று. சிலர் சிரித்துக்கொண்டே திருத்தினர். அவ்வளவுதான் நடந்தது. அதனால் ஒருவருடைய கூலியும் உயர்ந்துவிடவில்லை. அதற்கு வேறு முயற்சி வேண்டும், அதையும் செய்யவேண்டும். ஆயினும் தோட்டத்திலும் பட்டணத்திலும் வாழும் நேயர்களை நான் வேண்டிக்கொள்வது இது: கூலியை உழைத்தவன் கையிலே குறைவின்றிக் கொடுப்போம், அவனுக்குப் பெயராகக் கொடாதிருப்போம்.