கல்லால் நிற்பதும் விளக்கால் நிற்பதும்

முன்னைய மகோற்சவ மலர்களில் விரதங்கள் பற்றியும் ஆலயக் கிரியைகள் பற்றியும் எழுதினேன். இம்முறை, 2024 ஆம் ஆண்டு சித்திரை விடுமுறையில் எமது கிராமத்தவர் 42 பேர் ஒரு பஸ்ஸில் மேற்கொண்ட மூன்று நாள் யாத்திரையைப் பற்றியும், அது எனக்குப் புகட்டிய பாடத்தைப் பற்றியும் எழுத விழைகின்றேன்.

சங்குப்பிட்டிப் பாலம் கடந்து, பூநகரி வழியாக முதலில் திருக்கேதீஸ்வரத்தை அடைந்தோம். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம். போர்த்துக்கேயர் இடித்தபின் ஏறக்குறைய முந்நூறு வருடம் அவ்விடம் காடாகக் கிடந்தது. ஆயினும் தேவாரத்தில் அதன் பெயர் இருந்தது. அத்தேவாரத்தை நம்மவர் வீடுகளிற் பாடிக்கொண்டிருந்தனர். 1872 இல் ஆறுமுக நாவலர் பெருமான் அக்கோயிலை மீள எழுப்புமாறு சைவ மக்களை வேண்டினார். 1894 இல் காடு வெட்டியபோது பழைய சிவலிங்கம் வெளிப்பட்டது. 1976 இல் கும்பாபிஷேகம் நடைபெற்றது. இன்று நாம் காணும் கருங்கற் கோயிலுக்கு 2022 இல் குடமுழுக்கு நிகழ்ந்தது. பாலாவியில் நீராடி, பூசை கண்டு, கட்டிச் சென்ற புட்டை மரநிழலில் உண்டு புறப்பட்டோம்.

மாலையில் அநுராதபுரம் சேர்ந்தோம். ஆயிரம் வருடத்துக்கு மேல் தலைநகராக விளங்கிய ஊர். வானளாவிய தாதுகோபங்களைப் பிள்ளைகள் அண்ணாந்து பார்த்தனர். ஆனால் என் மனதைத் தொட்டது ஸ்ரீ மகாபோதி என்னும் வெள்ளரசு மரமே. தேவநம்பிய தீசன் காலத்தில், கி.மு. 3 ஆம் நூற்றாண்டில், சங்கமித்தை கொண்டுவந்த கிளையிலிருந்து வளர்ந்தது என மகாவம்சம் கூறும் மரம் அது. 10 ஆம் நூற்றாண்டின் இறுதியில் சோழர் படையெடுப்போடு அந்நகரின் தலைமை போயிற்று. மாளிகைகளைக் காடு மூடியது. மரத்தை மட்டும் மனிதர் கைவிடவில்லை. யானை வராமற் காத்து, நீர் ஊற்றி, பூ வைத்து வந்தனர். நாம் சென்ற நேரம் வெள்ளை உடுத்த குடும்பங்கள் பூத்தட்டோடு வரிசையில் நின்றன. நாலு வயதுக் குழந்தையின் கையிலும் ஒரு பூ இருந்தது. நாமும் செருப்பைக் கழற்றி, கைகூப்பி நின்றோம். பிறர் சமயத்தவரிடமும் கற்க வேண்டியதைக் கற்பது சைவனுக்குக் குறையாகாது.

மறுநாள் பொலன்னறுவை. அடியார்களே, இனிச் சொல்லப்போவதைச் சற்று நிதானமாகப் படிக்குமாறு வேண்டுகிறேன்.

சோழர் 11 ஆம் நூற்றாண்டில் அந்நகரைத் தமது தலைமையிடமாக்கி, ஜனநாதமங்கலம் எனப் பெயரிட்டனர். இன்று தொல்பொருள் திணைக்களம் 'இரண்டாம் இலக்கச் சிவ தேவாலயம்' எனப் பெயர்ப்பலகை வைத்திருக்கும் கோயிலின் உண்மைப் பெயர் வானவன்மாதேவி ஈஸ்வரம். இராஜராஜ சோழனின் தேவியின் பெயர் அது. பொலன்னறுவையில் இன்று முழுமையாக நிற்கும் கட்டடங்களுள் அதுவே மிகப் பழையது. அடி முதல் முடி வரை கல். செங்கல்லாற் கட்டிய மாளிகைகள் கூரையின்றி நிற்க, இச்சிறு கோயில் ஏறக்குறைய ஆயிரம் வருடமாக விமானத்தோடு நிற்கின்றது. சுவரில் தமிழ்க் கல்வெட்டு. உள்ளே சிவலிங்கம். வெளியே சிதைந்த நந்திகள்.

சற்றுத் தொலைவில் உள்ள இன்னொரு சிவாலய இடிபாட்டிலும் சுற்றுப்புறத்திலும் கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அகழ்ந்தபோது நடராசர், சிவகாமி, நாயன்மார், காரைக்கால் அம்மையார் முதலிய வெண்கலத் திருமேனிகள் கிடைத்தன. அவை நூதனசாலைகளிற் கண்ணாடிக்குள் இருக்கின்றன. அதே நகரில், புத்தரின் புனித தந்தத்தைத் தாம் காப்பதாக வேளைக்காரப் படையினர் தமிழிற் பொறித்த 12 ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டும் உண்டு. தமிழரின் கை இந்நாட்டில் வாளை மட்டும் பிடிக்கவில்லை என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன்.

வானவன்மாதேவி ஈஸ்வரத்தின் வாசலில் நின்று இத்தனையும் பெருமையோடு விளக்கிக்கொண்டிருந்தேன். அப்போது எம்முடன் வந்த எட்டு வயதுப் பெண்பிள்ளை உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "தாத்தா, இவருக்கு ஆர் நாளைக்கு விளக்கு வைக்கிறது?" என்று கேட்டாள்.

என்னிடம் விடை இல்லை. வருவோர் போவோர் பூ வைக்கின்றனர், கற்பூரம் கொளுத்துகின்றனர். நாமும் அவ்வாறே செய்தோம். ஆனால் காலம் தவறாத பூசை இல்லை. அதைத் தன் கோயிலென்று சொல்ல ஓர் ஊர் இல்லை. சோழர் காலக் கல்வெட்டுக்களிற் பெரும்பகுதி விளக்கெரிக்கவும் திருவமுது படைக்கவும் விட்ட நிபந்தங்களே. மாதோட்டத்தில் தாழிகுமரன் என்பவன் இராஜராஜ ஈஸ்வரம் என ஒரு கோயில் எடுத்து நிலமும் எழுதிவைத்தான். அந்தக் கல்வெட்டு கொழும்பு நூதனசாலையில் இருக்கின்றது; கோயில் இல்லை. வாழ்நாள் முழுவதும் கோப்புக்களோடு கழித்த எழுதுவினைஞன் நான். எழுதி வைத்தால் நிலைக்கும் என்று நம்பியவன். எழுத்து நிலைத்தது, விளக்கு நிலைக்கவில்லை என்பதை அன்று கண்ணாரக் கண்டேன்.

மூன்றாம் நாள் திருகோணமலை. அங்கே கதை தலைகீழ். சம்பந்தர் பாடிய கோணேசர் கோயிலைப் போர்த்துக்கேயர் 1620 களில் இடித்தனர். அக்கற்களைக் கொண்டே கோட்டை கட்டினர். இன்றும் கோட்டை வாசற் கல்லில் இணைக்கயல் தெரியும். கல் முழுவதும் போயிற்று. ஆனால் அடியார் சில திருமேனிகளை ஒளித்தனர். தம்பலகாமத்தில் ஆதிகோணேஸ்வரமாக வழிபாடு தொடர்ந்தது. கோயிலில்லாத சுவாமிமலை உச்சியிலும் முந்நூறு வருடமாக மக்கள் ஏறிநின்று தேங்காய் உடைத்து, கடலை நோக்கித் தீபம் காட்டினர். 1950 இல் கிணறு வெட்டியபோது புதையுண்ட திருமேனிகள் வெளிவந்தன. 1963 இல் மீண்டும் கும்பாபிஷேகம். நாம் சென்றபோது மாலைப் பூசை. கண்டாமணி ஓசையில் என் கண் கலங்கியது.

கல் நின்ற இடத்தில் பூசை நின்றுவிட்டது. கல் போன இடத்தில் பூசை நிற்கவில்லை. ஆகவே கோயிலைத் தாங்குவது எது என்று நான் விளக்க வேண்டியதில்லை.

இதற்கு நாம் திருகோணமலைக்குப் போக வேண்டியதுமில்லை. 1995 ஐப்பசி இடப்பெயர்வை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். எமது குருக்கள் ஐயா பிள்ளையாரின் எழுந்தருளி மூர்த்தியைப் பட்டிலே சுற்றி, சைக்கிளில் வைத்து உருட்டிக்கொண்டு தென்மராட்சி வரை நடந்தார். அங்கே ஒரு வேப்பமரத்தடியில், தேங்காய்ப் பாதியில் எண்ணெய் விட்டு விளக்கேற்றினார். மணி இல்லை, மண்டபம் இல்லை, நைவேத்தியத்துக்கு ஒரு கைப்பிடி அவல். முன்னூறு பேர் நின்று தேவாரம் பாடினோம். அடுத்த வருடம் ஊர் திரும்பியபோது கூரை உடைந்திருந்தது. ஆனால் கோயில் உடையவில்லை. அது எங்களோடு போய் எங்களோடு திரும்பி வந்திருந்தது.

இன்று நிலைமை என்ன? மண்டபம் உண்டு, மின்சார மணி உண்டு. கொடியேற்றம் முதல் தீர்த்தம் வரை வீதி கொள்ளாத சனம். ஆனால் சாதாரண கிழமை நாளில் பின்னேரப் பூசைக்கு வருபவர் குருக்கள் ஐயா, நான், மாலை கட்டும் ஆச்சி, இன்னும் ஓரிருவர். நித்திய பூசை உபயப் பட்டியலில் மாதத்தின் 30 நாட்களில் 11 நாட்களுக்கு உபயகாரர் இல்லை.

என் தவறையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். யாத்திரைக்கு முந்திய பொதுக்கூட்டத்தில் இராஜகோபுரத் திருப்பணியை முதலில் தொடங்க வேண்டுமென முன்மொழிந்தவன் நானே. அப்போது அந்த ஆச்சி எழுந்து, "தம்பி, கோபுரம் கட்டினாப் பிறகு உள்ளுக்கை ஆர் வரப்போகினம்?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம், நானும் சிரித்தேன். பொலன்னறுவையில் அதே கேள்வியை ஒரு குழந்தை கேட்டபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊர் திரும்பியதும் ஆச்சியிடம் சென்று, "நீங்கள் கேட்டதுதான் சரி" என்றேன். "அது கிடக்கட்டும், திரி முடிஞ்சு போச்சு, வாங்கி வா மோனை" என்றார்.

கோபுரம் வேண்டாமென்று நான் சொல்லவில்லை. வெளிநாடுகளிலுள்ள எம் பிள்ளைகள் உவந்து அனுப்பும் பணம் அது. காலம் வரும்போது கோபுரமும் எழும். ஆனால் அதற்கு முன் நித்திய பூசைக்கென ஒரு நிரந்தர வைப்பு இட வேண்டும் என்று அடுத்த பொதுக்கூட்டத்தில் முன்மொழியவுள்ளேன். தாழிகுமரனின் கல்வெட்டைக் கண்டபின், பணம் மட்டும் போதாது என்பதும் தெரிகின்றது. ஆகவே ஒவ்வொரு வீட்டாரிடமும் இரண்டு விண்ணப்பங்கள். மாதத்தில் ஒரு நாளின் விளக்கெண்ணெயை உங்கள் வீட்டு உபயமாக ஏற்றுக்கொள்ளுங்கள். கிழமைக்கு ஒரு பின்னேரம் உங்கள் வீட்டுப் பிள்ளை ஒன்றை அனுப்புங்கள். ஒரு தேவாரம் பாடிவிட்டு வரட்டும். ரியூசனுக்குப் போகும் வழியிற் கால்மணி நேரம் போதும்.

ஆயிரம் வருடத்துக்குப் பின் எவரோ ஒருவர் பஸ்ஸில் வந்திறங்கி, எங்கள் பிள்ளையார் கோயிலைச் சுற்றிப் பார்க்கக்கூடும். அன்று ஒரு குழந்தை, "இவருக்கு ஆர் விளக்கு வைக்கிறது?" என்று கேட்டால், "நாங்கள்தான்" என்று சொல்ல இவ்வூரில் ஒருவர் இருக்க வேண்டும். அதற்கு இன்றே ஆயத்தம் செய்வோம்.





ஓய்வுபெற்ற அரசாங்க எழுதுவினைஞர்,
ஆலய தர்மகர்த்தா சபை