விலைபோன காவலர்



உரோமைச் சக்கரவர்த்தியின் உயிரைக் காப்பதற்கென்றே அகுஸ்து சீசர் ஏற்படுத்தியது பிரிட்டோரியக் காவற்படை. சாதாரண போர்வீரரிலும் கூடிய சம்பளம். அதற்கு மேல் வெகுமதிகள். எனினும் கி.பி. 193 மார்ச் 28ஆம் நாள், படையில் ஒழுங்கை நிலைநாட்ட முயன்ற பேர்ட்டினாக்ஸ் சக்கரவர்த்தியை அக்காவலரே அரண்மனையில் வெட்டிக் கொன்றனர். பின்பு ஆட்சியை ஏலத்தில் விட்டனர். ஆளுக்கு 25,000 செஸ்டர்ஸ் நாணயம் தருவதாகச் சொன்ன தீதியுஸ் யூலியானுஸ் முடிபெற்றான். 66 நாட்கள்தான்! செவேருஸ் படையோடு நெருங்கியதும் காவலர் அவனையும் கைவிட்டனர், அரண்மனையிலேயே கொல்லப்பட்டான்.

காசு கொடுத்து வாங்கிய பற்றுதல் ஆபத்து வேளையில் நில்லாது.

ஏறக்குறைய நூறு ஆண்டுகளின் பின், தியோக்கிளேசியான் காலத்தில், அக்காவற்படையில் புனித செபஸ்தியார் பணியாற்றினார் என்பது திருச்சபை மரபு. அவர் அரசனுக்கு எதிராக வாளெடுக்கவில்லை, விசுவாசத்தை விற்கவுமில்லை. அம்புகளுக்குத் தம் உடலைக் கையளித்தார்.

பெற்றோரே, நம்மிடம் அரண்மனை இல்லை, வீடு உண்டு. பிள்ளைகளின் கீழ்ப்படிவைப் பரிசுகளால் வாங்குகிறோமா, அன்பாலும் செபத்தாலும் வளர்க்கிறோமா? விலைக்கு வாங்கிய பிள்ளை, நாளை கூடிய விலை பேசுபவன் பின்னே போய்விடும். இன்றிரவு குடும்பச் செபமாலை முடிந்ததும் இதைச் சிந்திப்போம்.

புனித செபஸ்தியார் நம் இல்லங்களுக்காக மன்றாடுவாராக.