ஐந்து மலைகளும் ஒரு கல்லறையும்



இன்று நவம்பர் 2, கல்லறைத் திருநாள். தருமபுரி, கோவிலூர், செல்லியம்பட்டி என்று நம் மாவட்டத்தில் கிறிஸ்தவர்கள் வாழும் ஊர்களில் இன்று கல்லறைத் தோட்டத்துக்குக் குடும்பம் குடும்பமாகப் போவார்கள். புல்லைச் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, சாமந்தி மாலை சாத்தி, மெழுகுவர்த்தி ஏற்றி, இறந்தவர்களின் பெயரைச் சொல்லிச் செபிப்பார்கள்.

தகடூர் என்ற பழைய பெயர் கொண்ட இந்த மண்ணுக்குச் சாவைப் பற்றிய பேச்சு புதிதல்ல. நெடுநாள் வாழவைக்கும் நெல்லிக்கனி கையில் கிடைத்தும், தான் தின்னாமல் ஔவைக்குக் கொடுத்தவன் நம் அதியமான். பள்ளியில் அதைக் கொடையின் கதையாகப் படித்தோம். தனக்கும் சாவு உண்டு என்று அறிந்த ஒருவன், கிடைத்த ஆயுளை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்த கதை அது என்பது வயது ஏறிய பிறகுதான் உறைக்கிறது.

அப்படித் தங்கள் ஆயுளைக் கொடுத்த ஒரு கணவன் மனைவியைப் பற்றித்தான் இன்று சொல்ல வந்தேன். இங்கிலாந்தில் பிறந்தவர்கள், ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட். 1913ஆம் ஆண்டு சேந்தமங்கலத்தில் திருமணம் முடிந்ததும் கொல்லிமலை ஏறினார்கள்.  அந்த இருவர் மனத்திலும் ஐந்து மலைகள் இருந்தன. கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன், பெரியமலை, ஐந்தாவதாக நம் அரூர் பக்கத்துச் சித்தேரி. இந்த ஐந்து மலைகளின் மக்களுக்கும் மருந்தும் நற்செய்தியும் கொண்டுபோக வேண்டும் என்பது அவர்கள் ஆசை.

மலையில் அன்று நரம்புச் சிலந்தி என்ற நோய் இருந்தது. இன்றைய பிள்ளைகளுக்கு அந்தப் பெயரே தெரியாது, நல்லவேளை. குடிக்கும் தண்ணீரோடு உள்ளே போகும் புழு, உடம்புக்குள் நூல்போல நீளமாக வளர்ந்து, ஓர் ஆண்டு கழித்துக் காலில் கொப்புளம் கட்டி வெளியே தலை காட்டும். வெடுக்கென்று இழுத்தால் அறுந்துபோகும். உள்ளே தங்கிய மிச்சம் சீழ் வைத்து ஆளையே படுக்கவைத்துவிடும். வீங்கிய காலில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றி, புழு தலை நீட்டியதும் ஒரு குச்சியில் சுற்றி, இன்று கொஞ்சம் நாளை கொஞ்சம் என்று நாள் கணக்கில் சுருட்டி எடுப்பார் ஜெஸ்ஸி. அதோடு விடவில்லை. மக்கள் புண்காலோடு தண்ணீரில் இறங்காதபடி கிணறுகளைச் சுற்றிக் கல்சுவர் எழுப்ப வைத்தார். அடிப்படையில் அவர் கட்டட வேலை தெரிந்தவர்.

மருந்து வாங்கிக்கொண்டார்களே தவிர, பல ஆண்டுகள் மலைமக்கள் அவர்கள் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. உள்ளூர்ப் பூசாரி ஒருவர் கடுமையாக எதிர்த்தார். பிறகு, உலகமெங்கும் கோடிக்கணக்கானவர்களைக் கொண்டுபோன விஷக்காய்ச்சல் ஒன்று மலைக்கும் ஏறியது. பூசாரியும் அவர் மனைவியும் படுத்தார்கள். தொற்றுக்குப் பயந்து ஊரே விலகி நின்றபோது கஞ்சியும் மருந்துமாக அந்தக் குடிசைக்குள் நுழைந்தவர்கள் இந்த இருவர்தான். சாகும் தறுவாயில் பூசாரி தன் பச்சைக் குழந்தையை அவர்களிடம் ஒப்படைத்து, நீங்களே வளருங்கள் என்று கேட்டுக்கொண்டார். அதற்குப் பிறகுதான் மலை அவர்களை நம்பியது.

1923இல் தங்கள் இரண்டு பிள்ளைகளையும் படிப்புக்காக இங்கிலாந்தில் விட்டுவிட்டு வந்தார்கள். ஆறு ஆண்டுகள் கழித்து, 1929 ஜூன் 15 அன்று, மலேரியா முற்றிக் கருநீர்க் காய்ச்சலாகி ஜெஸ்ஸி இறந்துபோனார். வயது 44. மகன் பாலுக்கு அப்போது பதினைந்துகூட நிறையவில்லை. தந்தி உடனே போய்ச் சேர்ந்தது. கப்பல் தபாலோ மெல்லத்தான் போகும். அப்பா இறந்த செய்தி வந்த பிறகும் அப்பாவின் கையெழுத்தில் கடிதம் வந்தது. மலையின் மரங்களையும் கடவுள் படைத்த உலகத்தின் அழகையும் பற்றி மகனுக்கு எழுதியிருந்தார். அந்தப் பையன் அதை எப்படிப் பிரித்துப் படித்திருப்பான் என்று நினைத்தாலே எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

அடுத்து ஈவ்லின் இங்கிலாந்துக்கு வந்தபோது, கப்பலிலிருந்து கூன் விழுந்து இறங்கிய அந்த வயதான பெண் தன் அம்மாதான் என்பதை நம்ப மகனுக்குச் சிரமமாக இருந்தது. துக்கம் அவரை அப்படி உருக்கியிருந்தது. கடவுளை நம்புகிறவர்களுக்குத் துக்கம் இல்லை என்று யாராவது சொன்னால், நேயர்களே, நம்பாதீர்கள். லாசருவின் கல்லறை முன்னால் இயேசுவே அழுதார். சிலுவையில், என்னை ஏன் கைவிட்டீர் என்று தன் தந்தையிடம் கதறினார். அந்தக் கேள்விக்கு அன்று வானத்திலிருந்து பதில் வரவில்லை. கிறிஸ்தவர்கள் வணங்கும் கடவுள் அந்தக் கேள்வியைத் தானும் கேட்டவர்.

மகன் பால் பிராண்ட் மருத்துவரானார். 1946 இறுதியில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்த முடியும் என்று காட்டினார். நோய் சதையை அரித்துத்தான் விரல் விழுகிறது என்று உலகம் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. அவர் வேறொன்றைக் கண்டார். தொழுநோயில் நரம்பு செத்துவிடுகிறது, அதனால் வலி தெரிவதில்லை. அடுப்பிலிருந்து கொதிக்கும் பாத்திரத்தைத் தூக்கினாலும் தெரியாது. காலில் முள் ஏறினாலும் தெரியாது. இரவில் எலி விரலைக் கடித்தாலும் தூக்கம் கலையாது. அதற்காகவே நோயாளிகளுக்குப் பூனை வளர்க்கக் கொடுத்தார்கள். துருப்பிடித்த பூட்டைப் பெரியவர்களால் திறக்க முடியாதபோது, சின்னப் பையன் ஒருவன் சாவியை வாங்கி ஒரே முறுக்கில் திறந்துவிட்டானாம். கையைப் பிரித்துப் பார்த்தால் விரல் எலும்புவரை கிழிந்திருந்தது, அவனுக்கோ ஒன்றுமே தெரியவில்லை. வலி ஒரு கொடை என்று பால் பிராண்ட் பிற்காலத்தில் எழுதியது இதையெல்லாம் பார்த்துத்தான்.

இந்தச் சொல்லைக் கவனமாகக் கையாள வேண்டும். புற்றுநோயில் துடிப்பவரிடம் போய் வலி ஒரு கொடை என்று சொல்வது கொடுமை. தன் வாழ்நாளை மற்றவர்களின் வேதனையைக் குறைக்கச் செலவிட்ட அவரும் அந்தப் பொருளில் சொல்லவில்லை. அவர் கவனித்த இன்னொன்றுதான் எனக்கு முக்கியம். உணர்வற்றுப்போன கையைத் தன் கை என்றே நோயாளிகள் எண்ணவில்லை. ஏதோ ஒரு கருவியைப்போல அதை வைத்திருந்தார்கள். வலி தெரிகிற இடம்வரைதான் ஒருவருக்குத் தன் உடம்பு. திருச்சபையை ஓர் உடம்பு என்றும், ஓர் உறுப்பு வருந்தினால் எல்லா உறுப்பும் வருந்தும் என்றும் புனித பவுல் எழுதியதை அங்கே கண்ணால் பார்க்க முடிந்தது.

நம் ஊர்களுக்கும் அப்படித்தான். ஆயிரம் அடி போட்டும் தண்ணீர் வராத போர்வெல்லுக்குக் கடன் வாங்கியவர் பக்கத்துத் தெருவில் இருக்கிறார். பெங்களூருக் கட்டட வேலைக்குப் போன மகனைப் பிணமாகக் கொண்டுவந்த வீடும் இங்கேதான் இருக்கிறது. அந்த வலி நமக்குத் தெரியாமல்போனால், அவர்கள் நம் உடம்பைவிட்டு விழுந்த விரல்கள்தான்.

ஈவ்லின் என்ன ஆனார்? திரும்பி வந்தார். 70 வயதை நெருங்கும்போது அவரை அனுப்பிய மிஷன் அவருக்கு ஓய்வு கொடுத்தது. ஓய்வை வாங்கிக்கொண்டு, ஊருக்குக் கப்பல் ஏறாமல் மறுபடியும் கொல்லிமலை ஏறிவிட்டார். ஜெஸ்ஸியும் அவரும் நினைத்திருந்த மற்ற மலைகளுக்கும் போனார். விழுந்து எலும்பு முறிந்தது. கால்கள் சரியாக வேலை செய்யவில்லை. இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றி நடந்தார், மட்டக்குதிரையில் ஏறிப் போனார். வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடி வைத்துக்கொள்ளவில்லை. 95 வயதில் இறந்தபோது அவரையும் ஜெஸ்ஸியின் பக்கத்தில் கொல்லிமலையிலேயே அடக்கம் செய்தார்கள். அவர் கணவர் குச்சியில் சுற்றி எடுத்த அந்தப் புழு நோய் இந்தியாவைவிட்டே ஒழிந்தது என்று 2000ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. எத்தனையோ கைகள் சேர்ந்து செய்த வேலை அது. அதில் இவர்களின் கையும் உண்டு.

கணவர் ஏன் அத்தனை சீக்கிரம் இறந்தார் என்பதற்கு ஈவ்லினுக்குக் காரணம் கிடைத்ததாக நான் எங்கும் படித்ததில்லை. கல்லறையோடு எல்லாம் முடியவில்லை, உயிர்ப்பு உண்டு என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கை அவரை மீண்டும் மலை ஏற வைத்தது. உயிர்த்தெழுந்த இயேசு தோமாவிடம் தன் காயங்களைத்தான் காட்டினார். பட்ட பாடு அழிக்கப்படவில்லை, அதுவே அடையாளமாயிற்று. ஈவ்லினின் முறிந்த கால்களையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

எல்லாம் இழந்த யோபுவைப் பார்க்க வந்த நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் அவரோடு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவர்கள் உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான். வாயைத் திறந்து காரணம் சொல்ல ஆரம்பித்த பிறகுதான் எல்லாம் கெட்டது.

இன்று கல்லறைக்குப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். திரும்பும் வழியில், இந்த ஆண்டு சாவு விழுந்த ஒரு வீட்டுக்குப் போய்வாருங்கள். எந்தச் சாமியைக் கும்பிடும் வீடானாலும் சரி. கடவுள் சித்தம் என்று சொல்லிவிட்டு உடனே எழுந்துவிடாதீர்கள். அரைமணி நேரம் அவர்களோடு உட்கார்ந்திருங்கள். அந்த வீட்டுக்கு அரிசி வேண்டுமா, பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் பாக்கி இருக்கிறதா என்று கேட்டு, உங்களால் முடிந்ததைச் செய்துவிட்டு வாருங்கள்.