பாசுரமா, கீர்த்தனமா?

ஆண்டாளின் திருப்பாவை 30 பாசுரங்களுக்கும் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் ராகம் அமைத்துத் தந்த பின்னர், மார்கழி வைகறையில் ராஜபாளையத்து வீதிகளிலும் ஒலிக்கும் அந்தப் பாடல்கள் கர்நாடக சங்கீதத்தைச் சேர்ந்தவையா, அன்றி வேதத்துக்கு ஒப்பாக ஓதப்பெறும் பிரபந்தமாகவே நிற்பவையா என்ற வினா, வெறும் பெயர் பற்றிய விவகாரமன்று; ஒரு பொருளின் ஸ்வரூபத்தை நிர்ணயிப்பது அதன் உருவமா, அது பிறந்த நோக்கமா என்னும் தத்துவ விசாரமே அது.

உருவத்தைக் கொண்டு நோக்கினால், பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற பிரிவு எட்டடிப் பாசுரத்தில் இல்லை. ஆயினும் முதல் ஐந்துக்கும் நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று, தியாகராஜரின் பஞ்சரத்ன கீர்த்தனங்களின் ராக வரிசையையே அரியக்குடி வைத்திருப்பதைக் கவனிக்கையில், கோதையாம் ஆண்டாளை வாக்கேயகாரர் சபையில் முன்வரிசையில் அமர்த்த அவர் உளங்கொண்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஸ்ரீவில்லிபுத்தூரிலோ, கூம்பிய குல்லாய் தரித்து, கைத்தாளம் ஒன்றையே துணையாகக் கொண்டு, பாசுரத்தைப் பாடி, அபிநயித்து, வியாக்கியானமும் சொல்லும் அரையர் சேவையைக் கண்டவர்கள், இசை அங்கே சொல்லுக்குக் கைங்கர்யம் செய்வதை உணர்வார்கள். (அந்தச் சேவை இன்று விரல்விட்டு எண்ணத்தக்க தலங்களிலேயே எஞ்சியிருப்பது பெருந்துயரம்.)

கேட்கும் நெஞ்சம் சரணாகதியை நோக்கித் திரும்புமானால், நாட்டையும் சுருட்டியும் பாசுரத்துக்கு இடையூறாகா. ஆகவே ஒன்றே இரண்டுமாக இருக்கலாம் என்பது என் துணிபு. ஆனால், கச்சேரியின் கடைசியில், ரசிகர்கள் எழுந்து போகும் சந்தடிக்கிடையே, அதைத் துக்கடாவாகப் பாடி முடிப்பதை மட்டும் என் மனம் ஒப்பவில்லை. ராகத்தை விஸ்தரித்து, நிரவல் செய்து, நடுநாயகமாக வைத்துப் பாட அப்பாசுரங்களில் எதற்குத்தான் தகுதியில்லை?