அருமைப் பொருளும் முற்பதிவும்: ஓர் ஒழுக்கவியல் நோக்கு

பஞ்ச காலத்தில் நெல்லை எவ்வாறு பங்கிடுவது என்னும் வினா ஒழுக்கவியலாளரை நெடுங்காலமாகவே ஆட்கொண்டு வந்துள்ளது. பஞ்சமில்லாத காலத்தில் விளையாட்டுப் பொருளொன்றை எவ்வாறு பங்கிடுவது என்பது பற்றி அவர்கள் அத்துணை சிந்தித்தாரல்லர். உயிர் வாழ்வதற்கு இன்றியமையாத ஒன்றன்று ஆதலின் அங்கு நீதி பற்றிய பேச்சுக்கே இடமில்லை எனக் கூறுவாரும் உளர். இக்கூற்று மேலோட்டமானது. நெல்லைப் பொறுத்தவரையிற் பசித்தவனுக்கே முதலுரிமை என்று கூறி அமைந்துவிடலாம். தேவையென்னும் அந்த ஓரளவுகோல் ஏனைய அளவுகோல்கள் அனைத்தையும் மறைத்து நிற்கின்றது. எவருக்கும் தேவையில்லாத, ஆயினும் பலரும் விரும்புகின்ற பொருளொன்று அரிதாகும்போதே பணம், காலம், தகுதி, நற்பேறு, கொடுத்த வாக்கு ஆகியவற்றுள் எது எவருக்கு உரிமை தருகின்றது என்பது தெளிவாகப் புலப்படுகின்றது. தொலைக்காட்சியுடன் இணைத்து விளையாடும் கணனிப் பொறிகள், அதாவது கொன்சோல்கள், அண்மைக் காலத்தில் விற்கப்பட்ட முறை இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

2020ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதம் 16ஆம் திகதி யப்பானிய நிறுவனமாகிய சோனி, பிளேஸ்ரேசன் 5 என்னும் தனது புதிய பொறியின் விலையையும் வெளியீட்டு நாளையும் அறிவித்தது. தட்டு இயக்கியுடன் கூடியது 499.99 டொலர், அஃதில்லாதது 399.99 டொலர். முற்பதிவு மறுநாளே தொடங்கும் எனவும் கூறப்பட்டது. ஆயின் ஐக்கிய அமெரிக்காவின் பெருங்கடைகள் சில அன்று மாலையே இணையவழிப் பதிவுகளை ஏற்கத் தலைப்பட்டன. ஒரு கடை தொடங்கியதும் மற்றவை பின்னிற்கவில்லை. மறுநாள் வரை காத்திருந்தோர், அதாவது சொல்லை நம்பியோர், பலர் வெறுங்கையுடன் நின்றனர். முற்பதிவு பற்றிப் போதிய முன்னறிவித்தல் தரப்படும் என அந்நிறுவனத்தின் அதிகாரியொருவர் அதற்கு முன்னர் கூறியிருந்தமை அவர்களது கசப்பை மிகுவித்தது. செப்ரெம்பர் 19ஆம் திகதி நிறுவனம் வெளிப்படையாக வருத்தந் தெரிவித்தது. பதிவு செய்தோரிற் சிலருக்கு அமேசோன் நிறுவனம், வெளியீட்டு நாளிற் பொருள் கிடையாமற் போகலாம் என எழுதியது. நவம்பர் 12ஆம் திகதி பொறி வெளிவந்தபோது மறுவிற்பனைத் தளங்களில் அதன் விலை ஏறத்தாழ இருமடங்காயிருந்தது. கொள்ளைநோய்க் காலத்தில் வீட்டினுள் முடங்கியோரின் விருப்பும், குறைகடத்திகளுக்கு உலகெங்கும் நிலவிய தட்டுப்பாடும் ஒருங்கு சேர்ந்தமையால் இந்நிலை ஈராண்டுகளுக்கு மேல் நீடித்தது.

பொருளியலை முதலாண்டிற் கற்கும் மாணவனும் இதற்கொரு விடை வைத்திருப்பான். கேள்வி நிரம்பலை விஞ்சுமாயின் விலையை உயர்த்துக என்பதே அது. விலை உயர்ந்தால் வரிசையும் இல்லை, கறுப்புச் சந்தையும் இல்லை. அவ்வாறாயின் உற்பத்தியாளரும் கடைக்காரரும் ஏன் விலையை உயர்த்தவில்லை? அறவுணர்வே காரணம் எனக் கொள்வது பேதைமை. இப்பொறிகள் வெளியீட்டுக் காலத்தில் உற்பத்திச் செலவினுங் குறைந்த விலைக்கு விற்கப்படுவதுண்டு. 499 டொலர்ப் பொறியை நட்டத்துக்கு விற்கும் நிலை நீங்கியது எனச் சோனி 2021 ஓகஸ்டிலேயே அறிவித்தது. இலாபம் பின்னர் வாங்கப்படும் விளையாட்டுக்களிலிருந்தே வருவது. பதுக்கல்காரனின் அறையில் அடுக்கிக் கிடக்கும் பொறி ஒரு விளையாட்டையேனும் வாங்குவதில்லை. எனவே பொறி விளையாடுவோனின் கையைச் சேர வேண்டும் என்னும் நிறுவனத்தின் விருப்பில் நீதியைக் காட்டிலும் கணக்கே மிகுதி.

எனினும் கணக்கு மாத்திரம் காரணமாகாது. டானியல் கானமன், ஜக் நெட்ச், றிச்சட் தேலர் ஆகியோர் 1986இல் வெளியிட்ட ஆய்வொன்று இங்கு நினைக்கத்தக்கது. பனிவாரும் மண்வெட்டியை 15 டொலருக்கு விற்றுவந்த கடைக்காரர், பெரும் பனிப்புயலின் மறுநாள் அதனை 20 டொலராக உயர்த்துகிறார். இது நியாயமா எனக் கனடா மக்களிடம் வினாவப்பட்டபோது நூற்றுக்கு 82 பேர் நியாயமன்று என்றனர். பலரும் தேடும் பொம்மை வகையொன்று ஒரு மாதமாகக் கடையில் இல்லை. நத்தாருக்கு ஒரு கிழமை முன்னர் பண்டசாலையில் ஒன்று அகப்படுகிறது. கடைக்காரர் அதனை ஏலத்தில் விடலாமா என்பது இன்னொரு வினா. பெரும்பான்மையோர் கூடாதென்றனர். ஏலப்பணம் அறப்பணிக்குச் செல்லும் எனச் சேர்த்துக் கேட்டபோதோ பெரும்பான்மையோர் ஏற்றுக்கொண்டனர். இம்மாற்றம் ஊன்றி நோக்கத்தக்கது. இரு நிலைகளிலும் வாங்குவோன் கொடுக்கும் பணம் ஒன்றே. பொம்மையைப் பெறுவோனும் அதே செல்வனே. ஆகவே மக்கள் வெறுத்தது உயர்ந்த விலையையன்று; பிறர் முட்டுப்பாட்டைத் தன் ஆதாயமாக்கும் செயலையே எனலாம். சந்தையை இயற்கை விதிபோற் போற்றுவோர் இவ்வேறுபாட்டை எளிதிற் காணார்.

விலை உயராதபோது வரிசை தோன்றுகின்றது. வரிசையின் பெருமை யாதெனின், செல்வனும் வறியனும் அங்கு ஒரே நாணயத்தில், அதாவது காலத்தில், விலை செலுத்துகின்றனர் என்பதாம். பந்திக்கு முந்து என்னும் வழக்கு எவருக்கும் பொதுவானதே. ஆயின் காலமும் எல்லோரிடத்தும் ஒத்த அளவினதாக இல்லை. இரவு வேலை செய்வோனும் குழந்தையைப் பராமரிப்போளும் கடைவாயிலிற் காத்திருத்தல் இயலாது. 2021 சனவரி இறுதியில் ரோக்கியோவின் அகிகபாராப் பகுதியிலுள்ள பெருங்கடையொன்றில் இப்பொறிக்காகத் திரண்ட கூட்டம் கட்டுக்கடங்காது போகவே காவற்றுறையினர் வரவேண்டியதாயிற்று. அங்கு வரிசை வலியோனின் உரிமையாகிவிட்டது. இணையத்திலோ வரிசை என்பது பெயரளவிலேயே உண்டு. மனிதர் முகவரியைத் தட்டச்சுச் செய்து முடிப்பதற்குள், தானியங்கு நிரல்கள் நூற்றுக்கணக்கான பதிவுகளைச் செய்து முடிக்கின்றன. பிரித்தானியக் கடைநிறுவனமொன்று 2020இன் இறுதியில் பொறியின் விலையை ஏறத்தாழ 2,000 பவுண் கூட்டிக் காட்டி, ஏலவே பதிவு செய்தோருக்கு மட்டும் அத்தொகையைக் கழிக்கும் இரகசியக் குறியீட்டை அனுப்பி இந்நிரல்களை ஏய்க்க முயன்றது. பூட்டை மறந்து கதவுக்குப் புலியின் படத்தை வரைந்ததுபோன்ற உபாயம் இது.

மறுவிற்பனையாளன் தன் பக்கத்து நியாயத்தைக் கூறாமலில்லை. றொபேட் நொசிக் 1974இல் முன்வைத்த வாதம் அவனுக்குத் துணைநிற்பதுபோற் தோன்றும். கடை விரும்பி விற்றது. அவன் விலை கொடுத்து வாங்கினான். இன்னொருவன் விரும்பியே இருமடங்கு கொடுத்தான். எவ்விடத்தும் வன்முறை இல்லை. நீதியான படிகளினூடாக வந்த விளைவு நீதியானதே என்பது அவ்வாதத்தின் சாரம். ஆயின் முதற்படியையே இங்கு ஆராய வேண்டும். ஒருவருக்கு ஒன்று என்னும் நிபந்தனையுடன் விற்கப்பட்ட பொருளை நூறு பெயர்களில் வாங்கியவன், விற்றவனின் சம்மதத்தைப் பெற்றவனல்லன். அதனைப் பொய்யினாற் பறித்தவன். நொசிக்கின் கொள்கையே ஏமாற்றை ஏற்பதில்லை. நிபந்தனையை மீறாது ஒரே ஒரு பொறியை வாங்கி அதனை இலாபத்துக்கு விற்பவனின் நிலை வேறு. அவனைத் திருடனென்பது மிகை. ஐக்கிய அமெரிக்காவில் 2016ஆம் ஆண்டுச் சட்டம் நிகழ்ச்சி நுழைவுச்சீட்டுக்களை நிரல்கள் மூலம் அள்ளுவதைத் தடைசெய்தது. அதனைப் பிற பண்டங்களுக்கும் விரிக்குமாறு 2021இற் கொண்டுவரப்பட்ட சட்டமூலம் நிறைவேறவில்லை. பிரித்தானியப் பாராளுமன்றத்தில் அதே ஆண்டில் முன்வைக்கப்பட்ட சட்டமூலமும் அவ்வாறே முடிந்தது.

பதுக்கல்காரனைப் பழிப்பது எளிது. கடைகள் தாமே கைக்கொண்ட முறையொன்று அதனினுங் கூர்ந்து நோக்கத்தக்கது. 2021இல் அமெரிக்கப் பெருங்கடைகள் பல, ஆண்டுச் சந்தா செலுத்திய உறுப்பினருக்கே முதலிற் பொறிகளை விற்றன. ஒரு கடையின் சந்தா ஏறத்தாழ 200 டொலர். இன்னொன்றினது 98 டொலர். பொறியின் விலை உயரவில்லை. பொறியை வாங்கும் வாய்ப்புக்கு விலை பிறந்தது. வேண்டாத விளையாட்டுக்களைச் சேர்த்துக் கட்டி விற்றதும் இதே இனத்தைச் சார்ந்தது. வரிசையில் இடத்தை விற்றல் பற்றி மைக்கேல் சன்டெல் 2012இல் வெளியான தமது நூலின் முதலதிகாரத்திலேயே ஆராய்கின்றார். கடையின் செய்கையிலுள்ள குற்றம் பணம் பெற்றமையன்று. ஒரே விலை, எல்லோருக்கும் பொது என்று விளம்பரத்தில் உரைத்துவிட்டு, பின்வாயிலில் வேறொரு விலை வாங்கியமையே. வெளிப்படையாக ஏலம் விட்டிருப்பின் நேர்மையேனும் எஞ்சியிருக்கும்.

இங்கு முற்பதிவு என்பதன் இயல்பு பற்றிய வினா எழுகின்றது. முற்பதிவு வாக்குறுதியா? உரோம சட்டவறிஞர் இனி வரவிருக்கும் பொருளின் விற்பனையை இருவகைப்படுத்தினர். எதிர்பார்க்கும் பொருளை வாங்குதல் ஒன்று. பொருள் உண்டாகாவிடின் அவ்விற்பனை இல்லையாகும். எதிர்பார்ப்பையே வாங்குதல் மற்றொன்று. மீனவனின் அடுத்த வலைவீச்சை விலைபேசியவன், வலையில் ஒன்றும் விழாவிடினும் பணம் கொடுக்கக் கடமைப்பட்டவன். இக்காலக் கடைகளின் சிற்றெழுத்து நிபந்தனைகளிற் பெரும்பாலும் காணப்படுவது மூன்றாவதொரு வகை: பொருள் அனுப்பப்படும் வரை ஒப்பந்தமே உண்டாவதில்லை. வாங்குவோன் மீனையே வாங்கிவிட்டதாக எண்ணி மகிழ்கின்றான்; கடையோ தான் வலைவீச்சையும் விற்கவில்லை என்கின்றது. சட்டத்தில் இது செல்லுபடியாகலாம். ஆயின் நிறைவேற்றவியலாது என அறிந்தே வாக்களித்தல் வாக்கு என்பதன் பொருளையே அழிக்கும் எனக் கான்ற் 1785இற் கூறியதன் முன்னால், சிற்றெழுத்துக்கள் கேடயமாகா. கைவசமுள்ள பங்கு ஆயிரம் என அறிந்த கடை ஈராயிரம் பதிவுகளை ஏற்குமாயின், அது கவனக்குறைவன்று.

அறியாமல் ஏற்குமாயின் என்ன? அங்குத்தான் சிசரோ துணைக்கு வருகின்றார். கடமைகள் பற்றிய தமது நூலின் மூன்றாம் பாகத்தில் அவர் ஒரு வழக்கை ஆராய்கின்றார். றோட்ஸ் தீவிற் பஞ்சம். அலெக்சாந்திரியாவிலிருந்து தானியக் கப்பலுடன் வந்து சேர்ந்த வணிகன், பின்னால் வேறு பல கப்பல்கள் வந்துகொண்டிருப்பதை அறிவான். அதனைக் கூறவேண்டுமா, மௌனமாயிருந்து உயர்ந்த விலைக்கு விற்கலாமா? கூறாதிருத்தல் வேறு, மறைத்தல் வேறு என்பது பாபிலோனிய தயோஜெனிசின் கட்சி. வாங்குவோனுக்குப் பயன்படும் உண்மையை ஆதாயத்துக்காக மூடிவைத்தல் மனித உறவுக்கே பகை என்பது அந்திபாற்றரின் கட்சி. சிசரோ பின்னவரைச் சார்கின்றார். கொன்சோல் கடையின் நிலை இதன் தலைகீழ் வடிவம். றோட்ஸ் வணிகன் வரவிருக்கும் வளத்தை மறைக்கிறான். கடையோ பெரும்பாலும் வரவிருக்கும் வறுமையை மறைக்கிறது. எத்தனை பொறிகள் வரும், இன்னார் எத்தனையாவது இடத்தில் நிற்கிறார் என்னும் இரண்டு எண்களைக் கடை வெளியிட்டிருக்குமாயின் வாங்குவோரின் ஏமாற்றம் பெரிதும் குறைந்திருக்கும். எண்கள் தனக்கே தெரியாவிடின், தெரியாதென்று கூறுவதே அதன் கடமை. வணிக இரகசியம் என்னும் விடை தயோஜெனிசினுடையதே. அதற்கு ஈராயிரம் ஆண்டு வயது.

தகுதி பற்றிய வினா 2025இல் புதியதோர் உருவத்தில் எழுந்தது. நின்ரென்டோ நிறுவனம் யூன் 5ஆம் திகதி வெளியிடவிருந்த சுவிட்ச் 2 என்னும் பொறியை யப்பானில் தனது சொந்த இணையக்கடையிற் குலுக்கல் மூலம் விற்றது. முந்திய பொறியில் 50 மணித்தியாலங்களுக்குக் குறையாது விளையாடியிருத்தல் வேண்டும், கட்டண உறுப்புரிமை மொத்தம் ஓராண்டேனும் இருந்திருத்தல் வேண்டும் என்பன விண்ணப்பத்துக்கான நிபந்தனைகள். ஏறத்தாழ 22 இலட்சம் பேர் விண்ணப்பித்தனர். நிறுவனத் தலைவர் ஏப்ரில் மாதத்தில் இவ்வெண்ணிக்கையை வெளியிட்டு, பெரும் பகுதியினர் முதற் குலுக்கலில் வெற்றிபெறார் என்பதை முன்னரே கூறி வருந்தினார். அந்திபாற்றர் இதனை மெச்சியிருப்பார்.

நிபந்தனைகளோ அரிஸ்ரோட்டிலை நினைவூட்டுவன. சிறந்த புல்லாங்குழல் உயர்குடியினனுக்கோ அழகனுக்கோ அன்றி, சிறந்த குழலிசைஞனுக்கே உரியது என்பது அவர் அரசியல் நூலிற் கூறுவது. குழல் இருப்பது இசைப்பதற்காக. விளையாட்டுப் பொறி இருப்பது விளையாடுவதற்காக. எனவே விளையாடுவோனுக்கு என நின்ரென்டோ வாதிடலாம். மறுவிற்பனையாளனை விலக்க இது நல்லதொரு வேலி. ஆயின் அமர்த்தியா சென் 2009இல் அதே புல்லாங்குழலை மூன்று சிறுவர் முன் வைத்தபோது, வேறெந்த விளையாட்டுப் பொருளும் இல்லாத வறிய சிறுவனும் அங்கு நின்றான். பழைய பொறியை வாங்க வசதியற்றிருந்து, இப்போதே முதன்முறையாகப் பணம் சேர்த்த குடும்பத்துக்கு 50 மணித்தியாலங்கள் எங்கிருந்து வரும்? மேலும், 50 மணித்தியாலங்கள் குழலிசைஞனின் திறமைக்கு நிகராகா; அவை ஓய்வுநேரத்தின் அளவு மாத்திரமே. உறுப்புரிமையோ மீண்டும் பணம்.

வேலிக்குள் வந்துவிட்டோரிடையே குலுக்கல் நீதியானதென்பதில் ஐயமில்லை. உரிமைகள் சமமாயிருந்து பொருள் போதாதவிடத்து, பொருளைப் பெறும் சமவாய்ப்பையாவது ஒவ்வொருவருக்கும் அளித்தல் நியாயம் என யோன் புறூம் 1990ஐ ஒட்டி எழுதிய கட்டுரையில் நிறுவுகின்றார். சீட்டு எவரது நேரத்தையும் கேட்பதில்லை, விரைவையும் மதிப்பதில்லை, ஆதலால் நிரல்களின் விரைவு அங்குப் பயனற்றுப் போகின்றது. முதற் குலுக்கலில் தவறியோர் தாமாகவே அடுத்த குலுக்கலுக்குச் சேர்த்துக்கொள்ளப்படுவர் எனவும் அந்நிறுவனம் அறிவித்தது. இவ்வேற்பாடு ஒரு புதிய சிக்கலைத் தோற்றுவிக்கின்றது. மும்முறை தவறியவனும் அன்றுதான் விண்ணப்பித்தவனும் நான்காம் குலுக்கலில் சம உரிமையுடையோரா? புறூமின் தருக்கப்படி முன்னவன் ஏற்கனவே மும்முறை தன் வாய்ப்பைப் பெற்றுவிட்டவன்; கடன் தீர்ந்தது. ஆயின் காத்திருத்தலும் ஓர் உரிமையைத் தருகின்றது என்பதே வரிசையின் முழுப் பொருளும். அவன் பெயர் குடத்தில் ஒருமுறையே இடப்படின் அவன் காத்திருந்த மாதங்கள் கணக்கில் வாரா. ஒவ்வொரு தோல்விக்கும் ஒருமுறை கூடுதலாக இடப்படின், குலுக்கல் மெல்ல மெல்ல மீண்டும் வரிசையாகிவிடும். அப்போது புதிதாய் வந்தவனுக்கு உரைக்கப்பட்ட சமவாய்ப்பு, முன்னர் முற்பதிவுக்கு நேர்ந்ததுபோல், சொல்லளவிலேயே நிற்கும்.