சுழன்றும் மூளாத தீ

விடாமுயற்சி எப்போதும் அறமாகுமா?

லடாக்கில் ஒரு குளிர்காலக் காலை. ஓட்டுநர் டீசல் வண்டியின் சாவியைத் திருப்புகிறார். எஞ்சின் சுழல்கிறது, ஆனால் இயங்கவில்லை. அவர் மீண்டும் மீண்டும் திருப்புகிறார். பேட்டரி வலுவிழக்கிறது, ஸ்டார்ட்டர் மோட்டார் சூடேறுகிறது. இறுதியில் சுழற்சியும் நின்றுவிடுகிறது.

தேர்ந்த மெக்கானிக் முதலில் கையை நிறுத்துவார், பிறகு சிந்திப்பார். எஞ்சின் விரைவாகச் சுழல்வதால் பேட்டரியில் குறையில்லை. டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறி வேண்டாம். அழுத்தத்தால் சூடேறிய காற்றிலேயே டீசல் பற்றிக்கொள்ளும். அப்படியானால், டீசல் வந்து சேர்கிறதா? கடுங்குளிரில் டீசலிலுள்ள மெழுகு திரண்டு வடிகட்டியை அடைத்துவிடும். குறை ஓட்டுநரின் முயற்சியில் அல்ல, இடத்திற்குப் பொருந்தாத எரிபொருளில் இருக்கிறது. இதனை உணர்ந்தே 2019-இல் இந்தியன் ஆயில் நிறுவனம், மைனஸ் 33 டிகிரி செல்சியஸ் வரையிலும் உறையாத டீசலை லடாக்கிற்கென அறிமுகப்படுத்தியது.

படிப்பில் பின்தங்கும் மாணவனிடம், ‘இன்னும் முயற்சி செய்’ என்கிறோம். அவன் கண் விழித்துப் படித்தும் தோற்றவனாக இருக்கலாம். கரும்பலகை அவன் கண்ணுக்குத் தெரிகிறதா, பாடமொழி புரிகிறதா, காலையில் உண்டானா என்று நாம் கேட்டதில்லை. கேளாமலே சோம்பேறி என்று தீர்ப்பளிப்பது அநீதியன்றோ!

‘இவ்வாறு காரணம் தேடுவது சோம்பலுக்குச் சாக்காகாதா?’ எனலாம். ஆகாது. சாக்கு தேடுபவன் காரணம் கிடைத்ததும் ஓய்கிறான். உண்மையை நாடுபவன் அங்கிருந்துதான் செயலைத் தொடங்குகிறான்.

முயற்சிக்கு விசாரணையே கண். சாவியை மறுமுறை திருப்புமுன், பிறரைக் கடிந்துகொள்ளுமுன், ஒரு கணம் நின்று பார்ப்பதும் அறமே.