வயிற்றுக்குப் பாத்திக், மனத்துக்கு ஓவியம்

ஓவியர் ஒருவர் காட்சிக்கூடமும் நடத்தத் தொடங்கினால் அவருடைய நாள் என்னவாகும்? படத்துக்குச் சட்டம் போட வேண்டும். வெளிச்சம் கண்ணைக் கூசாத இடமாகப் பார்த்து மாட்ட வேண்டும். விலை எழுத வேண்டும். விற்றதில் யாருக்கு எவ்வளவு என்று கணக்குப் பார்க்க வேண்டும். கடலோர ஊராக இருந்தால் கித்தானில் பூஞ்சை ஏறாமலும் காக்க வேண்டும். தூரிகையைத் தொட நேரம் எங்கே மிஞ்சும்?

நியாயமான கவலைதான். ஆனாலும் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் இந்தக் கவலைக்கு வேறொரு விடை கிடைத்திருக்கிறது.

அந்த விடையைக் கண்டவர் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர். 1911இல் கோயம்புத்தூரில் பிறந்தவர். குடும்பத்துக்காக இளம் வயதிலேயே தந்தித் துறையில் வேலை பார்த்தார். பிறகு காப்பீட்டு முகவரானார். சென்னை ஓவியப் பள்ளியில் சேரும்போது வயது இருபத்தைந்து ஆகியிருந்தது. அதே பள்ளிக்கு 1957இல் முதல்வரானபோது, திறமையான மாணவர்கள் படிப்பு முடிந்ததும் பிழைப்புக்காக ஏதோ ஒரு வேலைக்குப் போய், மெல்ல மெல்ல வரைவதையே விட்டுவிடுவதைக் கண்டார். தானும் பட்ட பாடு அது. அன்றைய சென்னையில் நவீன ஓவியத்தை விலை கொடுத்து வாங்குவோர் மிகச் சிலர்.

அவர் கண்ட வழி, கைத்தொழில். அவரும் மாணவர்களும் ஒரு கைத்தொழில் சங்கம் அமைத்து, மெழுகும் சாயமும் கொண்டு துணியில் பாத்திக் வேலை செய்து விற்றார்கள். அந்தப் பணத்தில் சவுக்குத் தோப்பும் மணலுமாக இருந்த நிலத்தை வாங்கினார்கள். 1966இல் சோழமண்டலம் என்ற ஓவியர் கிராமம் பிறந்தது. மின்சாரம்கூட இல்லாத இடத்தில் குடிசை போட்டுக் குடியேறினார்கள். சோற்றுக்குக் கைத்தொழில் பொறுப்பேற்றுக்கொண்டதால், ஓவியம் யாருடைய வரவேற்பறைச் சுவருக்கும் ஏற்றபடி நிறம் மாற வேண்டியிருக்கவில்லை. பணிக்கரின் மேதைமை அவருடைய கித்தான்களில் இருக்கும் அளவுக்கு இந்த ஏற்பாட்டிலும் இருக்கிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஜாதகக் கட்டங்களும் கணிதக் குறிகளும் மலையாள எழுத்துகளும் நிறைந்த 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையை அவர் 1963 வாக்கில் தொடங்கினார். பள்ளி நிர்வாகம், கைத்தொழில் சங்கம், நிலம் வாங்கும் அலைச்சல் எல்லாம் ஒன்றாகத் தலைமேல் இருந்த காலம் அது. அவர் பெயர் இன்றும் நிற்பது அந்த வரிசையால்தான். அலைச்சல் கலையைத் தின்றுவிடும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அவர் விஷயத்தில் அப்படி நடக்கவில்லை. அடுத்த மாதச் செலவு பற்றிய பயம் நீங்கிய மனம், கிடைத்த சில மணி நேரத்தையும் முழுதாகப் பயன்படுத்தியிருக்க வேண்டும்.

எல்லாக் கூடங்களுக்கும் இப்படி வாய்ப்பதில்லை. பம்பாயில் ஓவியர் பால் சாப்டா 1959இல் 'கேலரி 59' தொடங்கினார். நண்பர்களின் படங்களுக்கு அன்போடு இடம் கொடுத்த அந்தக் கூடம் வெகுநாள் நீடிக்கவில்லை. தனி ஒருவர் தோளில் நிற்கும் கூடத்துக்கு நேரக்கூடியதுதான். சோழமண்டலத்தின் கூடத்துக்கோ வாடகை கேட்க வீட்டுக்காரர் இல்லை. பாரத்தைப் பலர் பங்கிட்டுக்கொண்டார்கள்.

அப்படிச் சுமந்தவர்களில் பணிக்கரின் மகன் நந்தகோபாலும் ஒருவர். செம்பையும் பித்தளையையும் பற்றவைத்துச் சிற்பம் செய்தவர், தன் காலத்தில் பெரும்பகுதியைக் கிராமத்தின் நிர்வாகத்துக்குக் கொடுத்தார். சென்னையில் வளர்ந்த நவீன ஓவியப் போக்கான மெட்ராஸ் கலை இயக்கத்தின் படைப்புகளை ஒரே கூரையின்கீழ் காட்டும் அருங்காட்சியகம் 2009இல் அங்கே திறக்கப்பட்டது. அவர் அந்த நேரத்தையும் பட்டறையிலேயே செலவிட்டிருந்தால் இன்னும் சில சிற்பங்கள் கிடைத்திருக்கும். ஆனால் ஒரு தலைமுறையின் ஓவியங்களைச் சேர்த்துப் பார்க்க நமக்கு இப்படி ஓர் இடம் வாய்த்திருக்குமா?

நந்தகோபால் 2017இல் காலமானார். முதலில் குடியேறியவர்களில் பலர் இன்று இல்லை. சவுக்குத் தோப்பு இருந்த பக்கமெல்லாம் கிழக்குக் கடற்கரைச் சாலையின் மாளிகைகள். அவர்கள் கற்ற பாடம் அவர்களோடு மறைந்துவிடாதிருக்க, சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரிகளில் படிக்கும் இளைஞர்கள் ஒரு பருவமாவது இத்தகைய கூடத்தில் வேலை செய்ய வேண்டும். படம் மாட்டவும், விலை சொல்லவும், வரவுசெலவு எழுதவும் அங்கே பழகலாம். அடுத்த கூடத்தைத் தொடங்கப்போகிறவர்கள் அவர்கள்தானே.